சித்தப்பாவின் மூக்கும் சித்தியின் கோபமும்

என் சித்தப்பாவின் மூக்கைப் பார்த்தவர்கள் யாரும் அதை வேலை செய்யாத மூக்கு என்று சொல்லமாட்டார்கள். எடுப்பான மூக்கு. நேராக இறங்கி, நுனியில் கொஞ்சம் பெருத்து, எந்தப் போட்டோவிலும் அவருக்கு முன்னால் அது வந்து நிற்கும். ஆனால் வாசலை மட்டும் பெரிதாகக் கட்டிவிட்டு உள்ளே போக வழி வைக்காத வீடு மாதிரிதான் அதுவும். விவரம் தெரிந்த நாளிலிருந்து அவர் வாயால்தான் மூச்சு விட்டார். தூங்கும்போது அவர் விடும் சத்தத்தைக் கேட்டு, மேல் மாடியில் குடியிருந்தவர்கள் தண்ணீர் மோட்டாரை அணைக்கச் சொல்லி இரண்டு முறை கீழே வந்திருக்கிறார்கள்.

ஆவி பிடித்தார்கள். சொட்டு மருந்து விட்டார்கள். தலையணையை உயர்த்தினார்கள், பிறகு எடுத்தார்கள். ஒரு டாக்டர் ஆபரேஷன் என்றார். குடும்பம் கூடிப் பேசியது. வாய்தான் இருக்கிறதே, மூக்கும் எதற்கு என்று முடிவாயிற்று. எங்கள் வீட்டில் பெரிய விஷயங்களை எல்லாம் இப்படித்தான் சிக்கனமாக முடிப்பார்கள்.

இப்படிப்பட்டவருக்கு வாழ்க்கை கொடுத்த உத்தியோகம், மோந்து பார்ப்பது.

அவர் முதலில் சேர்ந்தது பால் நிலையத்தில் சுமை இறக்க. காலையில் லாரிகள் வரும். ஒவ்வொன்றிலும் வரிசையாகப் பால் கேன்கள். கேனைத் தூக்கி மேடையில் வைக்க வேண்டும். மேடைக்கு ஒருவர் நிற்பார். கேனின் மூடியைத் திறந்து, மூடியின் உள்பக்கத்தை மூக்கருகே கொண்டுபோய் ஒரு இழுப்பு இழுப்பார். நல்ல பால் என்றால் ‘போடு’ என்பார், அது பெரிய தொட்டிக்குப் போகும். புளித்த வாடை வந்தால் ‘ஒதுக்கு’ என்பார். ஒரு புளித்த கேன் உள்ளே போனால் தொட்டி முழுக்கப் போயிற்று. ஆய்வுக்கூடத்தில் இயந்திரங்கள் இருக்கின்றன, ஆனால் அவை யோசித்துப் பதில் சொல்வதற்குள் மீதிப் பாலும் புளித்துவிடும். அதனால் மூக்கை நம்பித்தான் நிலையமே ஓடியது.

சித்தப்பா சேர்ந்த புதிதில், கேன்களைத் தூக்கித் தூக்கி உடம்பு சூடாகி மூச்சு வாங்க ஆரம்பித்ததும், கடை ஷட்டரைத் தூக்கின மாதிரி மூக்கு திறந்துகொண்டது. அவருக்கே திகைப்பு. உலகத்தில் இவ்வளவு வாடை இருக்கிறது என்று அன்றுவரை யாரும் அவருக்குச் சொல்லவில்லை. ஈர சிமெண்ட், டீசல், பக்கத்தில் நிற்பவரின் பீடி, எல்லாவற்றுக்கும் மேல் பால். புது மூக்கு இல்லையா, ஆசையாக எல்லாவற்றையும் மோந்தார். மேடைக்காரர் ‘போடு’ என்று சொன்ன ஒரு கேனைக் காட்டி, இது புளிச்சிருக்கு என்றார். சுமை தூக்க வந்தவன்தானே, வாயை மூடிக்கொண்டு தூக்கு என்றார்கள். வாயை மூடிக்கொண்டு அவர் மூச்சுவிட்டது வாழ்க்கையில் அப்போதுதான். அந்தப் பாலைக் கொதிக்க வைத்தபோது திரிந்தது.

இப்படி அடிக்கடி நடந்தது. மேடைக்காரர் ஓய்வு பெற்றதும் அந்த இடம் சித்தப்பாவுக்குக் கிடைத்தது. சுமைக்காரர்கள் அவரை ‘மூடி சார்’ என்று கூப்பிட ஆரம்பித்தார்கள்.

மூடி சாருக்கு மரியாதை செய்ய வேண்டும் என்று நிலையம் தீர்மானித்தது. வெள்ளைக் கோட்டு கொடுத்தார்கள். கை வைத்த நாற்காலி கொடுத்தார்கள். தலைக்கு மேல் ஒரு ஃபேன் மாட்டினார்கள். அதுவரை சைக்கிள் மிதித்து வந்தவருக்கு ஊழியர் வேனில் ஜன்னல் சீட்டு. கேன்கள் உருளைப் பாதையில் தானாக அவர் முன்னால் வந்து நிற்கும். அவர் செய்ய வேண்டியதெல்லாம் உட்கார்ந்த இடத்தில் மூடியைத் திறப்பது ஒன்றுதான்.

அந்த மாதமே மூக்கு பழையபடி அடைத்துக்கொண்டது.

ஏன் என்று அவருக்குப் புரியவில்லை. மற்றவர்களுக்குத் தெரியவே தெரியாது. தெரிய விடவும் அவரால் முடியாது, ஏனென்றால் அதற்குள் அந்தக் கோட்டு எங்கள் குடும்பச் சொத்தாகிவிட்டது. சித்தியின் அண்ணன், சுமை தூக்குகிறவனுக்கா என் தங்கச்சி என்று ஒரு காலத்தில் வாசலிலேயே நின்று கேட்டவர், இப்போது தன் நண்பர்களிடம் ‘எங்க மச்சான் பால் தர அதிகாரி’ என்றார். சித்தி அந்தக் கோட்டைத் துவைக்கும் இயந்திரத்தில் போடமாட்டார். கையால் துவைத்து, தெருப்பக்கக் கம்பியில், முதுகில் அச்சடித்த நிலையத்தின் பெயர் தெருவைப் பார்க்கும்படி காயப்போடுவார். காய்ந்த பிறகும் கொஞ்ச நேரம் அங்கேயே இருக்கும்.

சித்தப்பாவுக்குக் கோட்டைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று இருந்தது. அதை என்னிடம் ஒரே ஒரு முறை சொன்னார். சைக்கிளில் வந்த காலத்தில் வீட்டுக்குள் நுழைந்த சூட்டோடு மகளைத் தூக்கினால், அவள் உச்சந்தலையில் ஒரு வாசனை வருமாம். என்ன வாசனை என்று கேட்டேன். பாலைத் தவிர வேறு எதையாவது மோந்து பழகியிருந்தால்தானே ஒப்பிட்டுச் சொல்ல என்றார்.

மூக்கு போனாலும் வேலை நடந்தது. மூக்கால் பார்க்க வேண்டியதை அவர் முகத்தில் பார்த்தார். மூடியைத் திறந்து மூக்கருகே வைத்துக்கொண்டு, பால் கொண்டுவந்தவரின் கண்ணையே பார்ப்பார். கண்ணை விலக்கினால் ஒதுக்கு. நேராகப் பார்த்தால் போடு. இந்த முறையில் நேர்மையான ஒருவரின் நல்ல பால் சாக்கடைக்குப் போனது. அவர் அன்று காலை மருமகனிடம் பேச்சு வாங்கிக்கொண்டு வந்தவர், யாரையுமே நிமிர்ந்து பார்க்கும் நிலையில் இல்லை. நிமிர்ந்து, சிரித்து, சௌக்கியமா என்று விசாரித்த ஒருவரின் பால் தொட்டிக்குள் போனது. தொட்டி மொத்தமும் தயிருக்கு ஆசைப்பட்டது.

நிலையத்துக்குப் புதிதாக வந்திருந்த தரக் கட்டுப்பாட்டு மேலாளர் அம்மா சத்தம் போடவில்லை. அது இன்னும் மோசம். மூடி பார்க்கும் எல்லோருக்கும் அடுத்த மாதம் ஒரு பரீட்சை என்று மட்டும் சொன்னார். மூடிய கிண்ணங்களில் பால் வைப்பார்கள், முகம் பார்க்க ஆள் இருக்காது. தேறாதவர்கள் கோட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, பால் பாக்கெட் அடைக்கும் பிரிவுக்குப் போக வேண்டும்.

சித்தப்பா இதை வீட்டில் சொல்லவில்லை. எரிச்சலாக மட்டும் இருந்தார். ஒரு காலையில் சித்தியின் அண்ணனைப் பற்றிப் பேச்சு வந்து, அது வளர்ந்து, இரண்டு பேரும் சமையலறையில் நின்று கத்திக்கொண்டிருந்தார்கள். உச்சத்தில் சித்தப்பா சட்டென்று நிறுத்திவிட்டு, அடுப்பில் ஏதோ அடிப்பிடிக்கிறது என்றார். பதில் சொல்ல முடியாமல் பேச்சை மாற்றுகிறார் என்று நினைத்த சித்தி, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். பாத்திரம் கருகிப் போயிற்று.

சித்தி பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார். சித்தப்பா கூடத்தில் நின்று சோப்பு, தலைக்கு வைக்கும் எண்ணெய், செருப்பு என்று ஒவ்வொன்றாக எடுத்து மோந்துகொண்டிருந்தார்.

மறுநாள் காலை வேண்டுமென்றே ஒரு சண்டை போட்டுப் பார்த்தார். திறந்தது. ஆனால் வேனில் ஜன்னல் காற்று வாங்கிக்கொண்டு நிலையம் போய்ச் சேர்வதற்குள் மூடிக்கொண்டது. வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போனால் ஆறிப்போகிறது, சுடச்சுட வேண்டும் என்று புரிந்துகொண்டார். அதற்குத்தான் செல்போன் இருக்கிறதே.

அன்றிலிருந்து லாரி வாசலில் திரும்பியதும் சித்தப்பா வீட்டுக்குப் போன் போடுவார். நேற்று ஏன் கதவைத் தாழ் போடவில்லை. மகளுக்கு ஏன் அந்தப் பள்ளிக்கூடம். உங்கள் வீட்டு ஆட்கள் என்றாவது ஒரு வேளை சோறு போட்டிருக்கிறார்களா. சித்தி பதிலுக்குக் கொடுப்பார். இவருக்கு ஏறும். காது சிவந்து, மூச்சு வாங்கி, மூக்கு திறந்ததும், சரி வேலை இருக்கு என்று பாதியில் வைத்துவிட்டு மூடியைத் தூக்குவார். மோப்பம் அபாரமாக இருக்கும். இரண்டாவது லாரி வந்தால் இரண்டாவது போன். லாரி டிரைவர்கள் கேனை இறக்கும் முன் கேட்டுக்கொள்வார்களாம், ‘மூடி சார், அக்காகிட்ட பேசியாச்சா? இல்ல நாங்க டீ குடிச்சிட்டு வரட்டுமா?’ என்று.

பால் நிலையத்தில் தரம் ஏறியது. எங்கள் சித்தி வீட்டில் அரைபட்டார்.

பாதியில் நிற்கும் சண்டைதான் சித்தியை வாட்டியது. முழுசாகச் சண்டை போட்டால் முடிவில் அழுது, சமாதானமாகி, சாப்பிட உட்காரலாம். இவர் கொளுத்திவிட்டுப் போனை வைத்துவிடுகிறார். சாயங்காலம் ஒன்றும் நடக்காத மாதிரி வந்து காபி கேட்கிறார். ஒன்று இவருக்கு வெளியே யாரோ இருக்கிறார்கள், இல்லாவிட்டால் ரத்தக் கொதிப்பு என்று சித்தி நினைத்தார். முதலாவதை விசாரித்துப் பார்த்து, இந்த மூச்சுச் சத்தத்தை இன்னொருத்தி தாங்கமாட்டாள் என்று தள்ளிவிட்டார். மிஞ்சியது ரத்தக் கொதிப்பு. ஆகவே ஆஸ்பத்திரி.

ஆஸ்பத்திரி என்றால் நானும் உண்டு. எங்கள் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். அந்தப் பட்டத்தால் எனக்குக் கிடைத்திருக்கும் நிரந்தரமான வேலை, உறவுக்காரர்களோடு டாக்டரிடம் போவதுதான். டாக்டர் சொல்வது அவர்களுக்கும் புரியும். இருந்தாலும் படித்தவள் ஒருத்தி பக்கத்தில் நின்று தலையாட்டினால்தான் திருப்தி. என்ன படித்தோம், எதற்குத் தலையாட்டுகிறோம் என்று அந்த நாற்காலிகளில் உட்கார்ந்து நான் நிறைய யோசித்திருக்கிறேன். பதில் வருவதற்குள் டோக்கனைக் கூப்பிட்டுவிடுவார்கள்.

டாக்டர் இளைஞர். ரத்த அழுத்தம் பார்த்தார், சரியாக இருந்தது. பிறகு, நீங்கள் ஏன் வாயால் மூச்சு விடுகிறீர்கள் என்று கேட்டார். சித்தப்பா வாயை மூடிக்கொண்டார், பிறகு வேறு வழியில்லாமல் திறந்தார். மூக்கு எப்போதாவது திறக்குமா என்று டாக்டர் கேட்க, சித்தப்பாவுக்குச் சொல்ல ஆசை வந்துவிட்டது. இத்தனை நாளில் அவர் மூக்கை யாரும் அக்கறையாக விசாரித்ததில்லை. சுமை தூக்கிய காலத்தில் திறந்தது, நாற்காலியில் உட்கார்ந்ததும் மூடிக்கொண்டது என்று சொல்லி நிறுத்திக்கொண்டார்.

டாக்டருக்கு உற்சாகமாகிவிட்டது. மூக்குக்குள் இருக்கிற சதையில் ரத்தம் தங்கி வீங்கியிருக்கும், அதனால்தான் அடைப்பு என்றார். உடம்பு கிளர்ந்து எழும்போது அங்கே ரத்தக் குழாய்கள் சுருங்கும், வீக்கம் வடியும், வழி கிடைக்கும். உடம்பு அமைதியானதும் பழையபடி வீங்கிக்கொள்ளும். ஆகவே இது வைத்தியம் ஆகாது, கொஞ்ச நேர நிவாரணம்தான். உடம்பு எப்போதெல்லாம் அப்படிக் கிளரும் என்று விரல் விட்டு எண்ணினார். ஓடுவதும் கனம் தூக்குவதும் சேர்ந்து ஒரு விரல். பயப்படும்போது. கோபம் வரும்போது. நாலாவது விரலை மடக்கிவிட்டு, என்னையும் மருந்துச் சீட்டையும் மாறிமாறிப் பார்த்து, ‘அப்புறம், கணவன் மனைவிக்குள்ள… அந்த நேரத்துலயும்’ என்று சீட்டைப் பார்த்தே சொல்லி முடித்தார். நான் தலையாட்டினேன். அதற்குத்தானே வந்திருக்கிறேன்.

நாலாவது காரணம் சித்திக்கு உடனே புரிந்தது. முந்தானையைச் சரிசெய்துகொண்டார். மூன்றாவது காரணம் புரிய பஸ் ஸ்டாண்டு வரை ஆயிற்று.

பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தபோது சித்தி சித்தப்பாவிடம் மெதுவாகக் கேட்டார். ‘காலையில லாரி எத்தனை மணிக்கு வரும்?’

சித்தப்பா சொன்னார்.

‘அடுத்த லாரி?’

அதையும் சொன்னார். சொல்லும்போதே குரல் இறங்கிவிட்டது. பஸ் வந்தது. சித்தி பெண்கள் பக்கம் உட்கார்ந்து ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி வந்தார். சித்தப்பா நிற்பதற்குக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, யாரும் இல்லாத இடத்தைப் பார்த்துக்கொண்டு வந்தார். அன்று இரண்டு பக்கமும் தலையாட்ட முடியாமல் நான் நடுவில்.

அன்றைக்கே சித்தப்பா பரீட்சை விஷயத்தையும் உடைத்துச் சொல்லிவிட்டார். கோட்டு போய்விடும் என்றார். சித்தி, சரிங்க என்றார்.

அதன்பிறகு எல்லாவற்றுக்கும் சரிங்கதான். காபியில் சர்க்கரை இல்லை என்றால், சரிங்க. உங்கள் அண்ணன் ஒரு வாய்ச்சவடால் என்றால், சரிங்க. மேடையிலிருந்து போன் செய்து, என்னைக் கட்டிக்கொண்டு நீ என்ன சாதித்தாய் என்று கேட்டால், ‘ஒண்ணும் இல்லீங்க, வச்சிடட்டுமா?’ சித்தப்பா எத்தனையோ விதமாக உசுப்பிப் பார்த்தார். ஒரு பொறிகூட விழவில்லை. அத்தனை வருஷமும் இப்படி ஒரு சாந்தமான மனைவி வேண்டும் என்று அவர் வேண்டாத நாளில்லை. கிடைத்துவிட்டாள், மூக்கு சிமெண்ட் பூசின மாதிரி ஆகிவிட்டது.

மற்ற வழிகளைப் பார்த்தார். பயத்துக்காகப் பேய்ப் படம் பார்த்தார், பேய் வருவதற்கு முன்பே தூங்கிவிட்டார். நாலாவது வழிக்கு மூன்றாவது வழியே குறுக்கே படுத்துக்கொண்டது. மிச்சமிருந்தது ஓட்டம்.

நிலையத்தின் பின்பக்கம் பாலைக் குளிர வைக்கும் அம்மோனியா கூடம் இருக்கிறது. அதைச் சுற்றி நல்ல சிமெண்ட் பாதை, நிழலும் உண்டு. லாரி வருவதற்குச் சற்று முன்னால் சித்தப்பா அங்கே போய், கோட்டு பறக்க ஓட ஆரம்பித்தார். அந்தக் கூடத்தில் வாயு கசிந்தால் உயிருக்கு ஆபத்து. கசிந்தால் என்ன செய்ய வேண்டும் என்று ஊழியர்களுக்கு வருஷம் தவறாமல் பாடம் எடுப்பார்கள். அந்தப் பாடத்தில் அவர்களுக்கு நினைவில் நின்றது ஒன்றுதான், கோட்டுப் போட்டவர் ஓடினால் நாமும் ஓட வேண்டும்.

முதலில் பார்த்தவர் கொதிகலன்காரர். அவர் ஓடினார். அவரைப் பார்த்துப் பாக்கெட் பிரிவு ஓடியது. யாரோ அபாயச் சங்கை அழுத்தினார்கள். நிலையம் முழுவதும் வாசலுக்கு வெளியே ரோட்டில் போய் நின்றது. காவலாளி வெளியிலிருந்து கேட்டைப் பூட்டினார். சங்குச் சத்தம் கேட்டு, நிஜமாகவே கசிகிறது என்று பயந்து, சித்தப்பா இன்னும் வேகமாக ஓடிவந்து பூட்டிய கேட்டுக்குள் நின்றார். அந்தச் சமயத்தில் மூக்கு மிக நன்றாகத் திறந்திருந்தது என்றும், அம்மோனியா வாடை துளிக்கூட இல்லை என்று அவரால் உறுதியாகச் சொல்ல முடிந்தது என்றும் பிறகு சொன்னார். கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று அதைத்தான் கத்தினாராம். யாரும் நம்பவில்லை.

கோட்டுப் போட்டவர்கள் நிலையத்துக்குள் எக்காரணத்தைக் கொண்டும் ஓடக்கூடாது என்று மேலாளர் அம்மா உத்தரவு போட்டார். அந்த வழியும் அடைந்தது.

பரீட்சை நாளும் வந்தது. மூடி பார்ப்பவர்களை மாடியில் ஆய்வுக்கூடத்துக்குப் பக்கத்து அறையில் உட்கார வைத்தார்கள். மெத்தை போட்ட நாற்காலி. ஏ.சி. குடிக்கக் குளிர்ந்த மோர். மனசு அமைதியாக இருந்தால்தான் மூக்கு நன்றாக வேலை செய்யும் என்று மேலாளர் அம்மா ஏற்பாடு செய்த உபசாரம் அது. மற்றவர்களுக்கு நல்லதுதான். சித்தப்பாவுக்கு அந்த மெத்தையில் உட்கார்ந்த நேரத்தில் மீதமிருந்த ஊசித் துவாரமும் மூடிக்கொண்டது. ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். கடைசியில் மேலாளர் அம்மா, சாப்பிட்டுவிட்டு வந்து உங்களைப் பார்க்கிறேன் என்று போய்விட, அவர் ஒருவர்தான் மிச்சம்.

போன் போட்டார். அன்று நான் சித்தி வீட்டில் இருந்தேன். அவர்கள் மகளுக்குக் கணக்குச் சொல்லித்தரக் கூப்பிட்டிருந்தார்கள். சித்தி காய்கறி நறுக்கிக்கொண்டிருந்ததால் போனை ஸ்பீக்கரில் போட்டார்.

‘நான்தான்,’ என்றார் சித்தப்பா.

‘தெரியுது.’

‘ஒண்ணுமே வரல. சுத்தமா அடைச்சிருச்சு. இந்த ஒரு தடவை என்னைத் திட்டு.’

சித்தி கத்தியைக் கீழே வைத்தார். நான் எழுந்து போகலாமா என்று பார்த்தேன், மகள் நோட்டை மூடிவிட்டு நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள்.

‘பொண்ணு பொறந்தப்ப எங்க அப்பா வெறுங்கையோட வந்தாருன்னு போன்ல சொன்னீங்களே, ஞாபகம் இருக்கா? அன்னைக்கு நான் சாயங்காலம் வரைக்கும் சாப்பிடல. அப்பாவை நினைச்சு அழுதேன். நீங்க அந்த நேரத்துல என்ன செஞ்சீங்க?’

ஸ்பீக்கரில் சித்தப்பா வாயால் மூச்சு விடும் சத்தம் கேட்டது.

‘லாரி இறக்கிட்டு டீ குடிச்சிருப்பீங்க. எனக்கு வந்ததெல்லாம் நிஜக் கோபங்க. உங்களுக்கு அது மூக்குல விடற மருந்து. இனிமே என் கோபம் எனக்குத்தான், யாருக்கும் தரமாட்டேன்.’

‘தப்புதான்,’ என்றார் சித்தப்பா. மூக்கடைத்த குரலில் அது வேறு ஏதோ மாதிரிதான் கேட்டது. ஆனால் மூன்று பேருக்கும் புரிந்தது.

‘தப்புன்னு சொன்னா மூக்கு திறக்குமா?’

‘திறக்காது.’

‘அப்ப நிஜமாத்தான் சொல்றீங்க,’ என்றார் சித்தி. கத்தியைத் திரும்ப எடுத்துக்கொண்டு, ‘வைங்க போனை. போயி ஆகற வேலையைப் பாருங்க,’ என்றார். பிறகு காய் நறுக்கினார். ஒரே அளவாக நறுக்குகிறவருக்கு அன்று துண்டுகள் பெரிதும் சிறிதுமாக விழுந்தன.

அதற்குப் பிறகு நடந்ததைச் சுமைக்காரர்கள் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். கீழே கடைசி லாரி வந்து நின்றிருக்கிறது. சித்தப்பா மாடி ஜன்னலிலிருந்து அதைப் பார்த்திருக்கிறார். கோட்டுப் போட்டவர்தானே ஓடக்கூடாது. கோட்டைக் கழற்றி அந்த மெத்தை நாற்காலியின் முதுகில் மாட்டிவிட்டு, படிகளில் தடதடவென்று இறங்கி வந்து லாரியில் கை வைத்தார்.

‘மூடி சார், இது நம்ம வேலை. நீங்க போங்க,’ என்றிருக்கிறார் ஒரு சுமைக்காரர்.

‘தள்ளுய்யா. எனக்கு அவசரம்.’

அவசரமாகக் கேன் தூக்குகிற ஒரு மனுஷனை அவர்கள் அதுவரை பார்த்ததில்லை. குறுக்கே நிற்கவும் இல்லை, உதவிக்கும் வரவில்லை. லாரியின் பின்பக்கத்தில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டே, ‘அந்தப் பக்கம் இன்னும் ரெண்டு இருக்கு சார்’ என்று வழிகாட்டினார்கள். நாற்காலியில் உட்கார்ந்து உப்பிப்போன உடம்பு. இடுப்பு ஒரு பக்கம் பிடித்துக்கொண்டது. சட்டை நனைந்து முதுகில் ஒட்டிக்கொண்டது. லாரி காலியானபோது அவர் மேடையில் கையை ஊன்றி நின்று, வாயை மூடி, ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்தார். அப்படியே திரும்பி மாடிப்படி ஏறினார்.

மேலாளர் அம்மா சாப்பிட்டுவிட்டு வந்து அவரைப் பார்த்ததும் நாற்காலியைச் சற்றுப் பின்னுக்குத் தள்ளிப் போட்டுக்கொண்டார். சித்தப்பா முதலில் கண்டுபிடித்தது தன்னுடைய வாடையைத்தான். அதற்கு மன்னிப்புக் கேட்டுக்கொண்டு கிண்ணங்களுக்குப் போனார். புளிப்பு, துரு வாடை, மாட்டுக் கொட்டகை வாடை, கருகல் என்று ஒவ்வொன்றாகச் சொல்லி, நல்ல பாலை நல்ல பால் என்றார். எல்லாம் சரி. ஏ.சி. குளிரில் மூக்கு மெல்ல மூடிக்கொண்டு வருவது அவருக்குத் தெரிந்தது. கடைசிக் கிண்ணத்தை ஓடுகிற பஸ்ஸைப் பிடிக்கிற மாதிரிப் பிடித்தார்.

எப்படி என்று மேலாளர் அம்மா கேட்டார். சித்தப்பா உண்மையைச் சொன்னார், டாக்டர் எண்ணிய விரல்களோடு. நாலாவதை மட்டும் விட்டுவிட்டார்.

அங்கேதான் அவர் கொஞ்சம் யோசித்திருக்கலாம். உண்மையை ஒரு நிர்வாகத்திடம் கொடுத்தால் அது என்ன செய்யும் என்று எனக்குமே அப்போது தெரியாது. அடுத்த வாரம் உத்தரவு வந்தது. மோப்பத் திறனை மேம்படுத்தும் விஞ்ஞான முறையாக, மூடி பார்ப்பவர்கள் இனித் தங்கள் லாரியின் கேன்களைத் தாங்களே இறக்க வேண்டும். நாற்காலிகள் தரத்துக்கு ஊறு விளைவிப்பதால் அகற்றப்படும். ஃபேனும். தேவைக்கு மேற்பட்ட சுமைக்காரர்கள் பாக்கெட் பிரிவுக்கு மாற்றப்படுவார்கள். மூடி பார்க்கும் மற்ற நால்வரும், பிறந்ததிலிருந்து மூக்கு பழுதில்லாமல் வேலை செய்தவர்கள், இடுப்பைப் பிடித்துக்கொண்டு கேன் தூக்கினார்கள். அவர்கள் சித்தப்பாவை இப்போது எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்பதை இங்கே எழுத முடியாது.

கோட்டு பிழைத்தது. கோட்டுக்குள் இருந்தவர் பழைய வேலையையும் புது வேலையையும் ஒரே சம்பளத்தில் பார்த்தார். சித்தியின் அண்ணன் இன்னமும் பால் தர அதிகாரி என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறார், மேடைப் பக்கம் மட்டும் வருவதில்லை.

போன வாரம் நான் போயிருந்தபோது சித்தி கோட்டைத் தோளில் போட்டுக்கொண்டு கூடத்துக்கு வந்தார். வயிற்றுப் பக்கம் கேனின் வட்டம் கறுப்பாகப் பதிந்திருந்தது. தேய்த்துத் தேய்த்து என் விரல் போச்சு, தூக்கும்போது கழற்றி வைக்கத் தெரியாதா என்று ஆரம்பித்தார். சித்தப்பா செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமல், உங்க அண்ணன் வந்து ரெண்டு கேன் தூக்கினா கோட்டு அழுக்காகாது என்றார். சித்தி அப்படியே நின்று, அவரையும் கடிகாரத்தையும் பார்த்தார்.

‘இப்ப எதுக்குங்க எங்க அண்ணன்? ஏதாவது லாரி வருதா?’

சித்தப்பா செய்தித்தாளை மடித்து வைத்தார்.

‘லாரியெல்லாம் இல்ல. எனக்கு உங்க அண்ணனை நிஜமாவே பிடிக்காது.’

சித்தி கோட்டை நாற்காலியில் போட்டார். பக்கத்தில் இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டு, புடவையைச் செருகிக்கொண்டு, சாவகாசமாக உட்கார்ந்தார். ‘எதனால பிடிக்காது? முதல்ல இருந்து சொல்லுங்க,’ என்றார். சித்தப்பா முதலில் இருந்து சொன்னார். அது கல்யாணத்துக்கும் முன்னால் ஆரம்பித்தது. நான் சொல்லிக்கொண்டு கிளம்பினேன். இரண்டு பேருமே கவனிக்கவில்லை.